மாலைப் பேப்பரில் வராத நம்பர்

முதல் நாள்: மே 16, வெள்ளி இரவு

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறியாகிவிட்டது. சைடு லோயர். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பங்கு வைக்க வேண்டியதில்லை. நாற்பத்தேழு வயதில் மதுரைக்குத் தனியாக ரயில் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஏற்றிவிட வந்த வீட்டுக்காரர், "வண்டி கிளம்பினதும் போன் பண்ணு, திண்டுக்கல் தாண்டினதும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். திண்டுக்கல் தாண்டும் நேரத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அது அவருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். 1995-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டு, 30 வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடுகிறது. பள்ளி இருப்பது சோழவந்தானிலிருந்து ஆற்றைத் தாண்டிப் போனால் வரும் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் போட வேண்டாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டார்கள். எனவே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். சொல்லப்போனால், சிலருக்கு நிஜப் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது.

இன்றைக்குப் பார்த்துப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருக்கிறது. 19-ஆம் தேதி வரும் என்றார்கள், முன்னாலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் பெட்டியில் ஒரு பெண் 431 மார்க். அவளுடைய அப்பா அதை ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி, டிக்கெட் பார்க்க வந்தவரிடமும் சொன்னார். அவரும் பாவம், எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி "வெரி குட்மா" என்றார். அந்தப் பெண் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். மாநிலத்தில் 93.80 சதவீதம் பேர் பாஸ் என்று செய்தி ஓடுகிறது. காலையில் செல்போனில் மார்க்கே வந்துவிடுகிறது, பாடவாரியாக.

எங்களுக்கு மார்க் வரவில்லை. நம்பர்தான் வந்தது. 1993-ல் மாலை முரசு மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும். டீக்கடை வாசலில் கட்டைப் பிரிப்பதற்குள் பத்துக் கை உள்ளே போய்விடும். பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் பரீட்சை நம்பர்கள் மட்டும். உன் நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. ஏன் இல்லை, எதில் போயிற்று என்பதெல்லாம் பள்ளிக்கு மார்க் ஷீட் வந்த பிறகுதான். அண்ணன் தோள் வழியாக எட்டிப் பார்த்து என் நம்பரைக் கண்டுபிடித்தேன். 49-ல் முடியும் நம்பர். அதற்கு முன்னால் 47 இருந்தது.

48, ரிப்பன். மூன்று வருடம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். எல்லோரும் பச்சை ரிப்பன் கட்டும்போது அவள் மட்டும் ஊதா கட்டி வந்து ஒரு வாரம் வெளியே நின்றாள், அதனால் ரிப்பன்.

அன்றைக்கு நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். அவள் வீடு போகிற வழியில்தான். நிற்கவில்லை.

செங்கல்பட்டு தாண்டிவிட்டது. லைட்டை அணைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள்: மே 17, சனி

மதுரையில் இறங்கும்போது விடிந்திருந்தது. ஸ்டேஷனைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்; எந்த வாசல் எங்கே போகிறதென்று புரிவதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்கள் என்னை வெளியூர்க்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். "மீனாட்சியம்மன் கோயிலாக்கா?" என்றார் ஒருவர். "நான் இந்த ஊருதாண்ணே" என்றேன். "அப்புடியா, சரி, எங்கிட்டுப் போகணும்?" என்று விலையைக் கொஞ்சம் குறைத்தார். ஊர்க்காரி என்பதற்கு முப்பது ரூபாய் தள்ளுபடி.

வெள்ளனா வந்ததில் ஒரு லாபம், பருத்திப்பால். தள்ளுவண்டியில் பித்தளைப் பானை, சுக்கு வாசம். பருத்திக் கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுத்துக் கருப்பட்டியோ வெல்லமோ போட்டுக் காய்ச்சுவது. சென்னையில் யாராவது கேட்டால் ஜிகர்தண்டாவைப் பற்றித்தான் சொல்கிறேன், எடுத்துச் சொல்வது சுலபம் என்பதால். ஆனால் நாக்கு தேடுவது இதைத்தான்.

அடுத்து சேலை. குழுவில் பெண்களுக்கெல்லாம் சுங்குடி, மயில்கழுத்து கலர் என்று தீர்மானம். தீர்மானித்தவர்கள் ஆண்கள். மாசி வீதியில் கடை திறக்கும் வரை நின்றேன். இப்போது கடையில் சுங்குடி என்று கொடுப்பதில் பாதிக்கு மேல் அச்சு. நிஜ சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும், நடுவில் சின்னதாக ஒரு சாயப் பொட்டோடு. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்யும் வேலை. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. "முடிச்சு சேலையா, பிரிண்டா?" என்று கடைக்காரரே நேர்மையாகக் கேட்டார். விலையைக் கேட்டுவிட்டுப் பிரிண்ட் வாங்கினேன். ஒரு நாள் கூத்துக்கு அது போதும். வரும்போது மனசு கேட்காமல் திரும்பிப் போய் முடிச்சு சேலை ஒன்றும் வாங்கினேன். இது வீட்டில் தெரிய வேண்டாம்.

சோழவந்தான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கையில் வைத்தார். 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம் என்பது தெரியும், சென்னையிலும் போகிறோம். ஆனால் இந்த ரோட்டில், இதே பஸ்ஸில், சில்லறை இல்லையென்று என்னையும் ரிப்பனையும் ஒருமுறை பரவையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பரவை, சமயநல்லூர், தேனூர், திருவேடகம். தேனூர் வரும்போது பக்கத்து சீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தக் காலத்தில் கள்ளழகர் இறங்கியது இந்தத் தேனூர் ஆற்றில்தான், திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாற்றினார் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெருமையும் வருத்தமும். போன திங்கட்கிழமைதான் அழகர் இறங்கியிருக்கிறார். பாட்டி மருமகளோடு போய்க் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டாளாம். "போனாப் போகுது, அழகருக்குக் குடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். அடுத்து திருவேடகம். சமணர்களோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் ஆற்றில் விட்ட ஏடு எதிரேறி வந்து ஒதுங்கிய ஊர். ரிசல்ட் வந்த நாளில் இந்த ஊர் ஞாபகம் வராமல் இருக்காது: அனல்வாதம், புனல்வாதம், ஏடு ஜெயித்தால் பாஸ்.

பெரியம்மா வீடு மாறவில்லை, பெரியம்மா சுருங்கிவிட்டாள். எங்கள் வீட்டை விற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. மாலையில் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன். வைகையில் தண்ணீர் இல்லை, கருவேலமும் நாணலும்தான். அணையிலிருந்து விடும்போது மட்டும் இங்கே ஆறு. 1895-ல் பெரியாற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பிவிட்டதால்தான் இங்கே நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். பென்னிகுவிக் பெயர் சொல்லாமல் இங்கே எந்தச் சமூக அறிவியல் வகுப்பும் முடிந்ததில்லை.

"நாளைக்கு யார் யாரு வர்றாக?" என்று கேட்டாள் பெரியம்மா. சொன்னேன். "ஊதா ரிப்பன் கட்டுவாளே, அவ?" என்றாள். அவள் குழுவில் இல்லை என்றேன். "ஏன்?"

பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள்: மே 18, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கே பள்ளி வாசலில் பிளெக்ஸ். '95 செட் சங்கமம்' என்று பெரிய எழுத்து, கீழே வட்டம் வட்டமாக முகங்கள். ஆண்களுக்கெல்லாம் கூலிங் கிளாஸ் போட்டோ. பெண்களில் மூன்று பேருக்கு முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ. வாட்ஸ்அப்பில் என்ன படம் வைத்திருந்தார்களோ அதையே எடுத்துப் போட்டிருக்கிறான் லீடர். எனக்கு என் மகள் முகம். அவளுக்குப் பதினெட்டு வயசு, அதனால் நான் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

லீடர் அப்போதும் லீடர், இப்போதும் லீடர். நடுவில் ஹார்டுவேர் கடை. கையில் விசில் மட்டும்தான் இல்லை. ஆண்கள் எல்லோரும் நீல டீ-ஷர்ட். தொப்பை அளவு தெரியாமல் ஆர்டர் கொடுத்ததால் பாதிப் பேருக்கு மூச்சு முட்டியது. மாட்டுவண்டி திருப்பூரிலிருந்து சொந்தக் காரில் வந்தான். அவனைப் பார்த்ததும் நாலு பேர் சேர்ந்து "ஹை ஹை" என்று ஓட்டினார்கள். அவன் டிரைவர் முன்னாலேயே. ரேடியோ வந்ததும் பேச ஆரம்பித்தாள், மாலை வரை நிறுத்தவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் அவளை இறக்கிவிட்டு மரத்தடியில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "இங்கனயே இருக்கேன்மா, நிம்மதியா இருக்கு" என்றார்.

பெண்கள் நாலு பேர் வந்திருந்தோம். முதலில் என்ன செய்தோம் தெரியுமா? வகுப்பறையைப் பார்க்கப் போகவில்லை. கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். எங்கள் காலத்தில் இல்லை. காலையில் வீட்டில் கிளம்பினால் மாலை வீடு திரும்பும் வரை கிடையாது, அதனால் தண்ணீரே குடிக்க மாட்டோம். சத்துணவு சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வோம். இப்போது டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் வந்து, கதவு தாழ்ப்பாளும் போட வருகிறது. ரேடியோ குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அவள்கூடப் பேசவில்லை.

ஆண்களுக்கு இது புரியவில்லை. "அங்க என்னடி கூட்டம், போட்டோ எடுக்கணும் வாங்க" என்று ஒட்டடை கத்திக்கொண்டிருந்தான்.

மேடை நிகழ்ச்சியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பொன்னாடை, நினைவுப் பரிசு, மைக் கீச்சல். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்தோம். இதையெல்லாம் இப்போது 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022-ல் தொடங்கிய திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் ரசீது கிடைக்கும் என்று தலைமை ஆசிரியர் விளக்கினார். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் ரசீது என்றதும் எனக்கு மரியாதை வந்தது. தமிழய்யா போய்ச் சேர்ந்துவிட்டார். சயின்ஸ் டீச்சர் அமெரிக்காவில் மகனோடு. கணக்கு சார் மட்டும் வந்திருந்தார். எண்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, அதே சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை.

லீடர் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். சார் அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். பிளஸ் டூ லிஸ்டை டைப் செய்து லேமினேட் பண்ணிக் கொடுத்தான். இருபத்தொன்பது பேர். சார் அதை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருடா?" என்றார்.

"நம்ம செட்டு சார். பிளஸ் டூ."

"நான் பிளஸ் டூவுக்கு எடுக்கலையேடா. நான் எடுத்தது பத்தாப்பு."

மஞ்சள் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். காக்கி அட்டை, முனை கறையான் தின்றிருந்தது. 1992-93, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அவருடைய மார்க் நோட்டு. சொந்தமாக எழுதி வைத்திருந்தது. ஐம்பத்து நாலு பேர்.

லீடர் கேமராக்காரனைப் பார்த்தான். கேமராக்காரன் பிரியாணி வண்டியைப் பார்த்தான். சார் யாரையும் பார்க்கவில்லை, படிக்க ஆரம்பித்துவிட்டார். இனிஷியலோடு, அகர வரிசையில்.

முதல் பெயருக்கே பதில் இல்லை. இரண்டாவது பெயர், "உள்ளேன் ஐயா" என்று பலமான குரல், எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது இல்லை. நாலாவது இல்லை. இல்லாதவர்களுக்குச் சார் கண்ணாடிக்கு மேல் வகுப்பை ஒரு முறை பார்த்துவிட்டுக் காத்திருந்தார், அப்போதும் அப்படித்தான் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் யாராவது சொல்ல ஆரம்பித்தார்கள். "திருப்பூர்ல இருக்கான் சார், லீவு கிடைக்கலை." "அவ கல்யாணமாகித் தேனிப் பக்கம் போயிட்டா சார்." "அவன் செத்துப் போயிட்டான் சார், ஆக்சிடெண்ட்." சார் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே போனார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. லீடர் இரண்டு தடவை "சார், சாப்பாடு ஆறுது" என்றான். ஐம்பத்து நாலில் பிளஸ் டூவுக்கு வந்தது பாதிதான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. செட்டு என்று சொல்லும்போது அந்தப் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும், சத்தமாக வாசிக்கிற வரை யாருக்கும் உறைக்கவில்லை.

ரிப்பனுடைய பெயர் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது. சமையல்காரரோடு பந்தி வேலைக்கு வந்திருந்த அம்மா, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர்: "அந்தப் புள்ள சோழவந்தான்ல வெத்தலைக் கடையில இருக்கு சார். இன்னைக்கு வெத்தலையே அது அடுக்கினதுதான்."

"ம்" என்றார் சார். அடுத்து என் பெயரைப் படித்தார். "உள்ளேன் ஐயா" என்று எனக்கு வரவில்லை, கையை மட்டும் தூக்கினேன்.

சீரக சம்பா பிரியாணி, தால்சா, கத்தரிக்காய். நன்றாகவே இருந்தது, நன்றாகவே சாப்பிட்டேன். தட்டில் வைத்திருந்த வெற்றிலையை எடுத்துப் பார்த்தேன். நுனி ஒரே பக்கம், காம்பு ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல்.

இரவு. பெரியம்மா தூங்கிவிட்டாள். ஒன்றை எழுதிவிட வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ரிப்பன் எனக்கு முன் பெஞ்சு. "ஜியோமெட்ரி பத்து, கிராஃப் பத்து, இருபது மார்க் கையில இருக்கு, மீதி பதினஞ்சைப் பொறுக்கிட்டு வாங்கடா" என்று சார் வருடம் முழுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். வட்ட நாற்கரம் போடும்போது என் காம்பஸில் திருகு கழன்று, பென்சில் நிற்கவில்லை. நான் முனகியதைக் கேட்டு அவள் திரும்பாமலே தன் காம்பஸைப் பின்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வட்டம் போட்டேன். அப்புறம் அல்ஜீப்ராவுக்குப் போய்விட்டேன். மணி அடித்த பிறகுதான் என் பெஞ்சிலேயே அது கிடப்பதைப் பார்த்தேன். எனக்குக் கணக்கில் 88. அவளுக்கு 27. எட்டு மார்க்கில் போயிற்று.

முப்பத்திரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் நாள்: மே 19, திங்கள்

காலையில் பெரியம்மா மகனோடு ஒரு கொடிக்காலுக்குப் போனேன், வழி கேட்கும் சாக்கில். அக்கினி நட்சத்திர வெயிலில் வேகும் ரோட்டிலிருந்து உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்த இருட்டு. அகத்தி மரங்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்க, ஒவ்வொன்றிலும் கொடி ஏறிப் படர்ந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காலுக்குக் கீழே ஈரம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் கொடிக்கால் குறைந்துவிட்டது. தண்ணீர், கூலி, பான்பராக் என்று மூன்று காரணம் சொன்னார் கொடிக்காலுக்குச் சொந்தக்காரர், அதே வரிசையில். அவர் வாயில் வெற்றிலை இல்லை. "டாக்டர் வேண்டாங்குறாரு."

ரிப்பன் இருந்த கடை கண்டுபிடிக்க எளிது. ஈரச்சாக்கு வாசம் வழி காட்டியது. உள்ளே ஐந்தாறு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். கலர் கவனித்தேன், கறுப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான்.

"அடியே. நேத்து வருவன்னு பார்த்தேன்."

"நீ வரலையே" என்றேன்.

"என்னைக் கூப்பிட்டாத்தானே வர. வெத்தலைக்குத்தான் ஆர்டர் வந்துச்சு. உக்காரு, அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்க."

கை நிற்கவில்லை. கிழிந்தது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், நல்லது மடியில். ஐந்து ஐந்தாக விரல் தள்ளிக்கொண்டே போகும். நூறானதும் ஒரு கவுளி, வாழை நாரால் ஒரு சுற்று. பேசிக்கொண்டேதான் எண்ணுகிறாள், பிசகவில்லை. கணக்கில் ஃபெயிலானவள் எப்படிக் கணக்காக எண்ணுகிறாள் பார் என்று இந்த இடத்தில் எழுதத் தோன்றியது. எழுதினால் அவளே சிரிப்பாள். நூறு வரை எண்ணத் தெரியாமல் அவள் போகவில்லை, அல்ஜீப்ராவில்தான் போனாள்.

வீட்டுக்காரர் நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். இரண்டு பையன்கள், ஒருவன் கோயம்புத்தூரில் லேத் பட்டறை, ஒருவன் மதுரையில் நர்சிங் முடித்து வேலையில். ஒரு பேத்தி, வயசு மூன்று. "உனக்கு?" சொன்னேன். "பேரன் பேத்தி இன்னும் இல்லையா? லேட்டுடி நீ" என்றாள்.

டீ வந்தது. அதற்கு மேல் தள்ள முடியாமல் காம்பஸ் விஷயத்தைச் சொன்னேன். முழுவதுமாகச் சொன்னேன், 88, 27, எட்டு மார்க், மாலைப் பேப்பர், அவள் வீட்டு வாசலில் நிற்காமல் ஓடியது எல்லாம். சொல்லும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் அடுக்குவதை நிறுத்திக் கேட்டார்கள்.

ரிப்பன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மடியில் இருந்த வெற்றிலை சரிந்தது.

"ஏண்டி, இம்புட்டு வருசமா இதையா நெனச்சுக்கிட்டு இருந்த? எனக்கு வட்ட நாற்கரம் ஒரு நாளும் முடிஞ்சதே இல்லைடி. நாலு புள்ளி வச்சா மூணுதான் வட்டத்துல நிக்கும். காம்பஸைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா சூப்பர்வைசர் வந்து வந்து பார்க்கிறாரு. அதான் உங்கிட்டத் தள்ளிவிட்டேன்."

"திருப்பித் தராம..."

"திருப்பித் தந்திருந்தா உன்னைக் கொன்னுருப்பேன்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த நகையைக் கொண்டுபோய்க் காட்டினால் கவரிங் என்று சொல்லிவிட்டது போல.

"அதோட, நான்தான் பாஸாச்சே" என்றாள்.

"எப்ப?"

"அக்டோபர்ல எழுதினேன்ல. மதுரையில டுடோரியல் சேர்ந்து. முப்பத்தொம்பது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியாது. நான் அதற்குள் பிளஸ் ஒன்னில் புதுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேர் வரும்போதெல்லாம் "பாவம், பத்தாவதோட நின்னுபோச்சு" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளிடம்கூட. படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

டுடோரியலில் பதினோரு பெண்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர், எங்கெங்கிருந்தோ. எல்லோரும் ஒரு நம்பர் வராதவர்கள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார்கள். பத்து பேர் பாஸ், ஒருத்தி ஏப்ரலில் பாஸ். "அக்டோபர் செட்டுன்னு பேரு எங்களுக்கு. அந்த ஒருத்தியையும் அக்டோபர்லதான் சேத்துக்கிட்டோம்." கல்யாணம் எங்கே ஆகிப் போனாலும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்துவிடுவார்களாம். அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை அன்றைக்கு ராத்திரி தல்லாகுளத்தில் ஒரு வீட்டுத் திண்ணை அவர்களுக்கு. விடிய விடியப் பேச்சு, விடியற்காலை ஆற்றில் அழகர், அப்புறம் ஆளுக்கொரு திசை. முப்பத்தொரு வருடமாக நடக்கிறது. கொரோனாவில் அழகர் ஆற்றுக்கு வராத இரண்டு வருடமும் போனில் பேசிக்கொண்டார்கள். பிளெக்ஸ் கிடையாது, டீ-ஷர்ட் கிடையாது, தீர்மானம் கிடையாது. ஆளுக்கொரு டிபன் தூக்கு.

"போன வாரம்தானே பார்த்தோம். மேலூர்க்காரிக்கு மூட்டுவலி, அவளைத் தூக்காத குறையாக் கொண்டுபோனோம்" என்று செல்போனில் படம் காட்டினாள். கூட்டத்துக்கு நடுவில் ஒன்பது பெண்கள், தலை நனைந்திருந்தது. அழகருக்கு நேர்த்தியாகத் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியவன் குறி தவறவில்லை. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தார்கள்.

எங்கள் குழுவில் அவளைச் சேர்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி. காலையில குட் மார்னிங், ராத்திரி குட் நைட், நடுவுல அரசியல். என் போன்ல இடமில்லை."

ஒரு கவுளி கட்டிக் கொடுத்தாள், ஈரத்துணி சுற்றி. காசு கொடுத்தேன், வாங்கிக் கல்லாக்காரரிடம் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ் திரும்பி நின்றது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, ஏறும்போது கேட்டுவிட்டேன்.

"அடுத்த வருசம் அழகருக்கு நானும் வரட்டுமா? அந்தத் திண்ணைக்கு."

படியில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ மார்ச்லயே பாஸானவளாச்சே" என்றாள். "கேட்டுச் சொல்றேன்."

ஐந்தாம் நாள்: மே 20, செவ்வாய்

சென்னை வந்து சேர்ந்தேன். வெற்றிலை வாடவில்லை. மாமியார் பிரித்துப் பார்த்துவிட்டு இப்படி அடுக்கி இங்கே ஒருத்தனும் தருவதில்லை என்றார். முடிச்சு சேலையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். லீடர் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு போட்டோ போட்டிருக்கிறான். அட்டெண்டன்ஸ் வீடியோவில் சார் வாசித்தது முதல் ஒன்றரை நிமிடம் மட்டும் இருக்கிறது.

ரிப்பனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பதினோரு பேரையும் கேட்க வேண்டுமே.